அப்பாவுக்குப் போடாத மஞ்சள் ஊசி

1

போன வாரம் ஹாலில் புது விளக்கு மாட்ட ஓர் எலக்ட்ரீசியன் வந்தார். ஏணியில் ஏறியவர், கூரையின் நட்டநடுவில் தொங்கும் கனத்த இரும்புக் கொக்கியைப் பார்த்துவிட்டு இது எதற்கு என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

"என் அப்பாவுக்கு" என்றேன்.

அவர் ஒரு படி கீழே இறங்கினார். கொக்கியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "ஐ ஆம் வெரி சாரி, மேடம்" என்றார். அப்பா உயிரோடுதான் இருக்கிறார், ஆலங்குடியில் சௌக்கியமாக இட்லி சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார் என்று நான் விளக்குவதற்குள் அவர் கருவிகளைப் பைக்குள் திணிக்க ஆரம்பித்திருந்தார். விளக்கு இன்னும் கோணலாகத்தான் தொங்குகிறது. அந்தக் கொக்கியின் கதையை ஊரில் இருக்கிற உங்களுக்காவது ஒழுங்காகச் சொல்லிவிடுகிறேன்.

நாங்கள் உகாண்டாவுக்கு வந்து பதினான்கு வருடங்கள் ஆகின்றன. கணவர் பாஸ்கர் கம்பாலாவில் ஒரு பிளாஸ்டிக் குழாய்த் தொழிற்சாலையில் மேலாளர். நான் பள்ளியில் கணக்கு எடுக்கிறேன். மகள் இன்பா இங்கேயே பிறந்தவள். பன்னிரண்டு வயது. அவளுடைய தமிழ் காலையில் "பசிக்குது", இரவில் "தூக்கம் வருது" என்ற இரண்டு தூண்களின் மேல் நிற்கிறது. நடுவில் உள்ளதெல்லாம் ஆங்கிலமும், இங்கே பேசும் லுகாண்டாவும்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் மழைக்காலத்தில் எனக்கு மலேரியா வந்தது. இங்கே அது ஊரில் சளி பிடிப்பதைப் போல என்பார்கள். எனக்கு வந்தது அப்படிப்பட்டதல்ல. ஆஸ்பத்திரியில் படுத்திருந்தேன், பேச்சு குழறியது. பாஸ்கர் ஊருக்குப் போன் செய்து, "பயப்பட ஒண்ணுமில்ல மாமா" என்று ஆரம்பித்திருக்கிறார். யாரையும் நடுங்கவைக்க அந்த ஒரு வாக்கியம் போதும்.

மறுமுனையில் அப்பா கேட்டது, எப்படி இருக்கிறாள் என்று இல்லை.

"மாப்ள, வீட்டுக்குப் பின்னாடி தண்ணி தேங்குதா?"

பாஸ்கர் தெரியாது என்றிருக்கிறார்.

"தெரியாதா? நீங்க வீட்ல குடியிருக்கீங்களா, லாட்ஜுல தங்கியிருக்கீங்களா?"

நான் தேறி வந்து கஞ்சி குடிக்க ஆரம்பித்த அன்று அப்பா போனில் அறிவித்தார். "ஆத்தா, நான் அங்கிட்டு வாரேன். ஒன் வீட்ட ஒரு இன்ஸ்பெக்சன் பண்ணணும்."

நாங்கள் ஊருக்குப் போயிருக்கலாமே என்று கேட்பீர்கள். எங்கள் மூன்று பாஸ்போர்ட்டும் குடியிருப்பு அனுமதியைப் புதுப்பிப்பதற்காக ஓர் அலுவலகத்துக்குப் போயிருந்தன. எப்போது கேட்டாலும் "அநேகமாக வெள்ளிக்கிழமை" என்பார்கள். எந்த வெள்ளிக்கிழமை என்று மட்டும் சொல்ல மாட்டார்கள். ஆகவே அப்பாதான் வர வேண்டும். அம்மா கூடவே வர வேண்டும். இங்கே வருகிறவர்களும் இங்கிருந்து இந்தியா திரும்புகிறவர்களும் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி போட்டதற்கான மஞ்சள் அட்டை வைத்திருக்க வேண்டும்.

ஊசி என்றதும் அப்பா போனிலேயே சிரித்துவிட்டார்.

2

அவர் சிரித்ததற்குக் காரணம் உண்டு. அப்பாவின் பெயர் கருப்பையா. ஆனால் ஆலங்குடிப் பக்கம் அந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டால் யாருக்கும் வீடு தெரியாது. ஹெல்த்து சார் என்று கேட்க வேண்டும். ஓய்வுபெற்ற சுகாதார ஆய்வாளர். குளோரின் போடுவது, கொசுப்புழு பிடிப்பது எல்லாம் அவர் வேலைதான் என்றாலும் ஊர் அவரை ஊசியோடு சேர்த்துத்தான் நினைவு வைத்திருக்கிறது. அவருடைய சைக்கிள் மணி கேட்டாலே கடலைக் காட்டில் களை எடுத்துக்கொண்டிருந்தவர்கள் முந்திரித் தோப்புக்குள் ஓடுவார்கள். அப்பா சைக்கிளைப் போட்டுவிட்டுப் பின்னால் ஓடுவார்.

"ஊசி வேணாங்கிறவன்ட்ட காரணத்தக் கேக்கக் கூடாது" என்பார். "கேட்டா வந்துக்கிட்டே இருக்கும்."

அவர் வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஒரு திருவிழாவுக்குப் பிறகு காலரா ஊசி போடப் போனபோது வேலாயுதம் என்ற இளவட்டம் பலா மரத்தில் ஏறிக்கொண்டது. அப்பா மரத்தடியில் துண்டை விரித்து உட்கார்ந்துவிட்டார். மேலே இருந்தவருக்குப் பசி. கீழே இருந்தவருக்கு அந்த வீட்டாரே சோறு போட்டார்கள். பொழுது சாயும்போது வேலாயுதம் இறங்கி வந்து கையை நீட்டினார். அதற்குப் பிறகு இரண்டு பேரும் சிநேகிதர்கள் ஆனார்கள் என்று சொல்ல முடியாது. ஆனால் ஒவ்வொரு வருடமும் அந்த மரத்திலிருந்து ஒரு பழம் எங்கள் வீட்டுக்கு வரும். கொடுத்தனுப்புவதில் ஒரு கோபம் இருக்கும். இருக்கிறதிலேயே முள் பெரிதான பழமாகப் பார்த்து அனுப்புவார்.

இப்படிப்பட்டவர் எழுபத்தொரு வயதில் தனக்கு ஓர் ஊசி போட்டுக்கொள்ளச் சென்னைக்குக் கிளம்பினார். முழுக்கைச் சட்டையின் இடது கையைத் திருச்சி தாண்டும்போதே மடித்துவிட்டார் என்று அம்மா சொன்னாள்.

3

ஊசி மையத்தில் நடந்ததை எனக்கு இரண்டு பேரும் தனித்தனியாகச் சொன்னார்கள். இரண்டும் ஒத்துப்போகிற இடங்களை மட்டும் எழுதுகிறேன்.

மேசைக்குப் பின்னால் இருந்தவர் சுமார் நாற்பது வயதுள்ள டாக்டரம்மா. முதலில் அம்மாவைக் கேட்டார். அம்மாவுக்கு ஐம்பத்தெட்டு. ஊசி என்றால் இன்றும் குலை நடுங்கும். இத்தனை வருடம் ஊசிக்காரரோடு குடித்தனம் நடத்தியும் அது போகவில்லை. எப்படியாவது தன்னை வேண்டாம் என்று சொல்லிவிட மாட்டார்களா என்ற ஆசையில் இருக்கிற நோவையெல்லாம் அடுக்கினாளாம். முழங்கால் வலி, தும்மல், புளியைப் பார்த்தால் பல் கூச்சம், ஒரு தடவை பஸ் படியிலிருந்து விழுந்தது.

"இதெல்லாம் ஒண்ணும் தடையில்லம்மா. முட்டை ஒத்துக்குமா?"

அம்மாவுக்கு நம்பிக்கை துளிர்த்தது. "வெள்ளிக்கிழமை சாப்பிட மாட்டேன்."

"மத்த நாள்ல?"

"சாப்பிடுவேன்" என்று ஒப்புக்கொண்டாள். அடுத்து அப்பா முறை.

"நமக்கு ஒரு வியாதியும் கிடையாதும்மா. போடுங்க." கை ஏற்கெனவே மேசை மேல் இருந்தது.

டாக்டரம்மா கையைப் பார்த்தார். தோளைப் பார்க்கவில்லை, விரல் முட்டிகளைப் பார்த்தார். "ஏன் விரல் இப்படிக் கோணியிருக்கு?"

"சைக்கிள் ஓட்டுன கை."

"மாத்திரை ஏதாவது சாப்பிடுறீங்களா?"

அப்பா இல்லை என்று தலையாட்டிக்கொண்டிருக்கும்போதே அம்மா பையைத் திறந்து மாத்திரை டப்பாவை எடுத்து மேசை மேல் வைத்தாள். அவள் காட்டிக்கொடுக்க நினைக்கவில்லை. டாக்டர் கேட்டால் எடுத்துக் காட்ட வேண்டும் என்று அவளுக்குச் சொல்லிக்கொடுத்ததே அப்பாதான்.

அப்பாவுக்கு முடக்குவாதம். வாரத்துக்கு ஒரு நாள் மட்டும் போடுகிற மாத்திரை ஒன்று உண்டு. எங்கள் வீட்டில் அதற்கு ஞாயித்துக்கிழமை மாத்திரை என்று பெயர்.

டாக்டரம்மா உள்ளே இருந்த மாத்திரை அட்டையைத் திருப்பிப் படித்துவிட்டு, டப்பாவை மூடி அம்மா பக்கம் நகர்த்தினார். "அய்யா, உங்களுக்கு இந்த ஊசி போட மாட்டேன்."

"என்னது?"

"இதுல இருக்கிறது செத்த கிருமி இல்ல. உயிருள்ளது, வீரியத்தக் குறைச்சது. மத்தவங்க உடம்பு அதை அடக்கிரும். நீங்க சாப்பிடுற மாத்திரை உங்க உடம்போட எதிர்ப்பையே அடக்கி வைக்கிது. ஊசியே நோயா மாறிடலாம். அது போக அறுபதைத் தாண்டினவங்களுக்கு முதல் தடவையா இதைப் போட்டா, அபூர்வம்தான், ஆனா பெரிய தொந்தரவு வர்ற வாய்ப்பு மத்தவங்களவிடக் கூடுதல். நல்லா இருக்கிறவங்களுக்கே யோசிச்சுத்தான் போடுவோம்."

"நான் ஆயுசு பூரா ஊசி போட்டவன்மா."

"அதனாலதான் உங்களுக்கு இவ்வளவு விளக்கமா சொல்றேன்."

"எனக்கு ஒண்ணும் ஆவாது. வேணும்னா எழுதிக் குடுக்குறேன்."

"என்கிட்ட எழுதிக் குடுத்தா உங்க உடம்பு படிச்சுப் பாக்குமா?"

அப்பா தன் வாழ்நாளில் ஊசி வேண்டாம் என்று கெஞ்சுகிறவர்களைத்தான் பார்த்திருக்கிறார். வேண்டும் என்று கெஞ்சுவது எப்படி என்று அவருக்குத் தெரியவில்லை. டாக்டரம்மா பொறுமையாக மற்ற வழிகளைச் சொன்னார். போகாமல் இருப்பதுதான் நல்லது. போயே ஆக வேண்டும் என்றால், மருத்துவக் காரணத்தால் ஊசி போடவில்லை என்று சான்றிதழ் தரலாம். அந்த நாடு அதை ஏற்கிறதா என்று முன்கூட்டியே கேட்க வேண்டும். அங்கே காட்டுப் பக்கம் போகக் கூடாது, கொசு கடிக்கவே கூடாது. திரும்பி இங்கே இறங்கியதும் ஆறு நாள் தனியாக வைத்துவிடுவார்கள். டைபாய்டு, ப்ளூ போன்றவற்றுக்கு உயிருள்ள கிருமி இல்லாத ஊசிகள் உண்டு. அவற்றை முடக்குவாதம் பார்க்கிற டாக்டரிடமே கேட்டுப் போட்டுக்கொள்ளலாம்.

"அப்ப இப்ப ஒண்ணும் போட மாட்டீங்க?"

"மாட்டேன்யா."

"சும்மா வைட்டமின் ஊசியாச்சும்..."

அம்மாவுக்குப் போட்டார்கள். கண்ணை இறுக மூடிக்கொண்டாள். திறந்தபோது அவள் கையில் மஞ்சள் அட்டை இருந்தது. பத்து நாள் கழித்து அது செல்லும், பிறகு ஆயுள் முழுக்கச் செல்லும் என்றார்கள். திரும்பும் வழியெல்லாம் அப்பா மடித்த சட்டைக் கையை இறக்கிவிடவே இல்லை.

4

ஹெல்த்து சாருக்கு அரசாங்கமே ஊசி போட மறுத்துவிட்டது என்ற செய்தி அவருக்கு முன்பே ஆலங்குடிக்கு வந்து சேர்ந்திருந்தது. எப்படி என்று கேட்காதீர்கள், அம்மாவுக்கும் போன் இருக்கிறது.

முந்திரித் தோப்புக்குள் ஓடியவர்கள் எல்லாம் வரிசையாக நலம் விசாரிக்க வந்தார்கள். மஞ்சள் காய்ச்சலை மஞ்சள் காமாலை என்று புரிந்துகொண்ட பெரியம்மா ஒருத்தர் கீழாநெல்லியை அரைத்துக் கொண்டுவந்து, குடிக்கும்வரை எதிரிலேயே நின்றார். வேலாயுதம் பலாப்பழத்தோடு வந்தார். தலை நரைத்து, பேரன் எடுத்து, மரம் ஏறும் வயதெல்லாம் போயிருந்தது.

"என்ன சார், ஊசின்னா பயமாமே?" என்றார்.

அம்மா சொன்னாள், அப்பா அன்று இரண்டு வாய்தான் சாப்பிட்டாராம்.

அடுத்த மாதம் அம்மாவிடமிருந்து எனக்குப் போன். குரலைத் தாழ்த்திப் பேசினாள். "கலா, ஒங்கப்பாவுக்குச் சட்டைப் பித்தான் போட முடியல. காலைல காபி டம்ளர் கைய விட்டு நழுவிருச்சு. மாத்திரை டப்பாவைப் பாத்தேன். ஞாயித்துக்கிழமை மாத்திரை அப்படியே கெடக்கு. நாலஞ்சு வாரமாப் போடல போலருக்கு."

எனக்குப் புரிந்துவிட்டது. மாத்திரையை நிறுத்திவிட்டு, வேறொரு துறைமுக ஊரில் இருக்கிற மையத்துக்குப் போய், ஒரு மருந்தும் சாப்பிடுவதில்லை என்று சொல்லப்போகிறார். அம்மாவை அழைத்துப்போகப் போவதில்லை. அதுதான் திட்டம்.

வீடியோவில் அழைத்தேன். போனை மேசையில் மல்லாக்க வைத்துவிட்டார். எனக்கு மின்விசிறி மட்டும் தெரிந்தது.

"அப்பா, ஞாயித்துக்கிழமை மாத்திரை போட்டீங்களா?"

"எந்த ஞாயித்துக்கிழமை?"

"எந்த ஞாயித்துக்கிழமையாச்சும்."

மின்விசிறி சுற்றியது. "ஒங்கம்மா சொல்றத நம்பாத ஆத்தா. மாத்திரைய நிறுத்திட்டா ஒடம்பு சுத்தமாயிரும். அப்பறம் ஊசி போட்டா என்ன?"

"அப்படி நீங்களா நிறுத்தக் கூடாதுப்பா. வயசையும் நிறுத்திருவீங்களா?"

எனக்கு அழுகை வந்தது. மூன்றாவது பீரியட் மணி அடித்துவிட்டது, வகுப்பில் முப்பது பிள்ளைகள் பின்னக் கணக்குக்காகக் காத்திருந்தார்கள். "நீங்க வரவே வேணாம்" என்று சொல்லிவிட்டேன். கூரையும் மின்விசிறியும் மறைந்து திரை கறுத்தது. அப்பா அறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டதாக அம்மா பிறகு சொன்னாள்.

அம்மா வேறு வழி தெரியாமல் வேலாயுதத்துக்குப் போன் செய்திருக்கிறாள். ஏன் அவருக்கு என்று கேட்டேன். "அவருக்குத்தான் ஒங்கப்பா மேல இன்னும் கோவம் இருக்கு" என்றாள்.

வேலாயுதம் வந்து விஷயத்தைக் கேட்டு முதலில் சிரித்தார். டம்ளர் நழுவியதைச் சொன்னதும் சிரிப்பை நிறுத்தினார். தோளில் இருந்த துண்டை உதறி, அப்பாவின் அறைக் கதவுக்கு முன்னால் விரித்து உட்கார்ந்தார்.

"சார், வேலாயுதம் வந்திருக்கேன்."

"போய்யா."

"நீங்க புதுக்கோட்டைக்கு வந்து மூட்டு டாக்டர்ட்ட ஒக்கார்ற வரைக்கும் நான் இந்த எடத்த விட்டு நகர மாட்டேன்."

"ஒனக்கென்னய்யா இதுல?"

"எனக்கு ஒண்ணுமில்ல. அன்னைக்கு ஒங்களுக்கு என்ன இருந்துச்சு? மரத்துல நான் பாட்டுக்கு இருந்தேன்."

அம்மா வேலாயுதத்துக்கு இலை போட்டாள். கத்தரிக்காய்க் குழம்பு, வாழைக்காய் வறுவல். கதவுக்கு வெளியே அவர் சத்தம் போட்டு ரசித்துச் சாப்பிட்டார். உள்ளே அப்பா காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை. குழம்பை மறுபடி ஊற்றச் சொன்னபோது கதவு திறந்தது.

மதிய பஸ்ஸில் இரண்டு பேரும் புதுக்கோட்டைக்குப் போனார்கள். அப்பாவுக்கு ஜன்னலோரம், இறங்கி ஓடிவிடக் கூடாது என்று.

மூட்டு டாக்டர் அப்பா வயதுக்காரர்தான். விரல்களை ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்தார். கதையை முழுதாகக் கேட்டார். பிறகு ஒரு கேள்வி கேட்டார்.

"கருப்பையா சார், நீங்க ஊசி போட்ட ஆளுக்கு ஏதாச்சும் ஆயிட்டா, அந்தக் காலத்துல யாரைக் கேப்பாங்க?"

"என்னையத்தான்."

"நீங்க வேற ஊர்ல போய்ப் பொய் சொல்லி ஊசி போட்டுக்குறீங்க. ஒங்களுக்கு ஏதோ ஆயிருது. அங்க ஊசி போட்ட ஆளு ராத்திரி தூங்குவாரா?"

அப்பா தன் கைகளை ஒரு தடவை திருப்பிப் பார்த்தார் என்று வேலாயுதம் சொன்னார். பிறகு, "விட்ட மாத்திரையெல்லாம் சேத்துப் போட்டுக்கலாங்களா?" என்று கேட்டார்.

"அந்தத் தப்பையும் செஞ்சிராதீங்க. ரத்தம் பாத்துட்டுச் சொல்றேன். பழையபடி வாரத்துக்கு ஒரு தடவைதான்."

ரத்தம் பார்த்து, மாத்திரை மறுபடி ஆரம்பித்து, பிறகு ஒரு நாள் டைபாய்டு ஊசியும் ப்ளூ ஊசியும் அப்பாவுக்குப் போட்டார்கள். மலேரியாவுக்கு முன்கூட்டிச் சாப்பிடும் மாத்திரையைக்கூட மற்றதோடு ஒத்துப்போகிறதா என்று பார்த்துத்தான் டாக்டர் எழுதினார். ஊசி போடும்போது அப்பா முகத்தில் பழைய களை வந்துவிட்டது. நர்ஸிடம், பக்கத்தில் துணைக்கு நின்ற வேலாயுதத்தைக் காட்டி, "இவருக்கும் வயசு அறுபத்தஞ்சு தாண்டிருச்சு. ப்ளூ ஊசி போட்டதே இல்ல" என்றார்.

டாக்டரும் போட்டால் நல்லது என்று சொல்லிவிட்டார். வேலாயுதம் சுற்றுமுற்றும் பார்த்தார். ஏறுவதற்கு அங்கே நாற்காலிதான் இருந்தது.

5

நான் வர வேண்டாம் என்று சொன்னதை அப்பா காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. "சான்றிதழ் வாங்கிட்டேன். நான் வரலைன்னா ஒன் வீட்டுத் தண்ணித் தொட்டிய யாரு பாக்குறது?" என்றார். பல நாள் பேரம் நடந்தது. கம்பாலாவை விட்டு நகரக் கூடாது, மழை ஓய்ந்த பிறகுதான் வர வேண்டும், கொசு கடிக்காமல் நாங்கள் சொல்கிற எல்லாவற்றையும் செய்ய வேண்டும், மூட்டு டாக்டர் சரி என்று சொல்ல வேண்டும். எல்லாவற்றுக்கும் சரி என்றார்.

சான்றிதழ் செல்லுமா என்று நான் எழுதிக் கேட்ட ஓர் அலுவலகம் செல்லும் என்று பதில் போட்டது. உறுதிப்படுத்திக்கொள்ள இன்னொன்றுக்கு எழுதினேன். விண்ணப்பதாரர் ஊசி போடவில்லை என்பதற்கு ஆதாரமாக அவருடைய மஞ்சள் அட்டையின் நகலை இணைக்கவும் என்றார்கள். ஊசி போடாதவருக்கு அட்டை இருக்காது என்று எழுதினேன். அப்படியானால் அட்டை இல்லை என்பதற்கான அட்டையை இணைக்கவும் என்று வந்தது. அதற்குப் பிறகு முதல் பதிலோடு நிறுத்திக்கொண்டேன்.

இங்கே என்டெபி விமான நிலையத்தில் சுகாதார மேசையில் இருந்த பெண் அதிகாரி அம்மாவின் அட்டையைப் பார்த்துச் சிரித்து அனுப்பிவிட்டார். அப்பாவின் சான்றிதழை மேலும் கீழும் படித்துவிட்டு, ஏன் ஊசி போடவில்லை என்று கேட்டார். அப்பா நிமிர்ந்து நின்று, "மேடம், ஐ ஆம் நாட் இன்ஜெக்டட். ஐ ஆம் தி இன்ஜெக்டர்" என்றாராம். அந்த அம்மாள் பேனாவைக் கீழே வைத்தார். விசாரித்துப் பார்த்தால் அவரும் முன்பு கிராமம் கிராமமாகப் போய்ப் பிள்ளைகளுக்கு ஊசி போட்டவர். வெளியே நாங்கள் பதறிக்கொண்டு நிற்க, உள்ளே இரண்டு பேரும் ஓடுகிற ஆளைப் பிடிப்பது எப்படி என்று கையால் அபிநயம் பிடித்துப் பேசிக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

இப்போது கொக்கி. கட்டிலுக்கு மேல் கொசுவலை எல்லோர் வீட்டிலும் இருக்கிறது. அப்பா பகலில் எங்கே உட்காருவது? மஞ்சள் காய்ச்சலைக் கொண்டுவருகிற கொசு பகலில் கடிக்கிறது. பாஸ்கர் தொழிற்சாலையிலிருந்து ஆளைக் கூட்டிவந்து ஹால் கூரையில் கொக்கி அடித்து, பெரிய வலை ஒன்றைத் தொங்கவிட்டார். அதற்குள் நாற்காலி, சிறு மேசை, செய்தித்தாள், அப்பா. முழுக்கைச் சட்டை, கால்சட்டை, காலுறை. பார்க்கிறவர்களுக்கு ஏதோ சாமியாரைத் தரிசிக்கிற மாதிரி இருக்கும். காபி டம்ளரை வலைக்கு அடியில் தள்ளுவோம்.

முதல் நாள் இன்பா பள்ளியிலிருந்து வந்து பார்த்துவிட்டு என்னிடம் கேட்டாள். "அம்மா, தாத்தாவ ஏன் பேக் பண்ணி வச்சிருக்கு?"

இரண்டாம் நாள் தோழிகளை அழைத்துவந்து காட்டினாள். மூன்றாம் நாள் வலைக்குள் ஒரு கொசு புகுந்துவிட்டது. இன்பா பாய்ந்து வந்து, "என்சிரி! தாத்தா, என்சிரி!" என்று கத்தினாள். லுகாண்டாவில் கொசுவுக்கு என்சிரி என்று பேர். அப்பா பேத்தி தன்னைச் சிரிக்கச் சொல்கிறாள் என்று நினைத்து அவளைப் பார்த்துச் சிரித்தார். அவள் மேலும் கத்தினாள். அவர் இன்னும் பெரிதாகச் சிரித்தார். கொசு அவருடைய நெற்றியில் உட்கார்ந்தது. வேறு வழியில்லாமல் இன்பா வலையோடு சேர்த்து ஓங்கி ஒன்று வைத்தாள்.

அப்பா நெற்றியைத் தடவிக்கொண்டே விவரம் கேட்டுத் தெரிந்துகொண்டார். கோபப்படவில்லை. கொசு செத்துவிட்டதா என்று மட்டும் உறுதி செய்துகொண்டார். அதற்குப் பிறகு வந்த ஒரு வாரமும் அவருக்குக் காய்ச்சல் வருகிறதா என்று நாங்கள் நெற்றியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தோம். தண்ணீர் குடித்துவிட்டு இருமினால்கூட பாஸ்கர் வெப்பமானியோடு ஓடிவருவார். நான் வகுப்பில் நின்றபடி வீட்டுக்குப் போன் செய்வேன். எனக்கு மலேரியா வந்தபோது அப்பா எப்படி இருந்திருப்பார் என்று அந்த வாரத்தில்தான் தெரிந்தது.

ஒன்றும் ஆகவில்லை. இன்ஸ்பெக்சன் மட்டும் நடந்தது. பின்பக்கத்துச் சாக்கடை, தண்ணீர்த் தொட்டி, பக்கத்து வீட்டுப் பழைய டயர் எல்லாம் தேறிவிட்டன. வீட்டுக்குள் நான் ஆசையாக வளர்க்கிற மணிபிளாண்ட் ஜாடியில்தான் புழு நெளிந்தது. டார்ச் அடித்துக் காட்டினார். நான் கணக்கு வாத்தியாரம்மா. அதைப் பார்த்துத் தலைகுனிந்து நின்றேன்.

"இதுக்காண்டித்தான் வந்தேன்" என்றார். ஜாடியைத் தானே கொண்டுபோய்க் கழுவினார். விரல் கோணியிருந்ததால் வெகுநேரம் பிடித்தது.

6

திரும்பிச் சென்னையில் இறங்கியதும் எதிர்பார்த்தபடியே அப்பாவைத் தனி வார்டுக்கு அழைத்துப் போனார்கள். அம்மா அங்கிருந்த அதிகாரியிடம் சண்டை போட்டிருக்கிறாள்.

"என்னையும் சேத்து அடைங்க சார்."

"நீங்க ஊசி போட்டிருக்கீங்கம்மா. உங்கள அடைக்க முடியாது."

"அதான் தப்பாப் போட்டுட்டாங்க. எனக்கு ஊசின்னாலே ஆகாது."

"ரூல் இல்லம்மா."

கல்யாணமான நாளிலிருந்து அம்மா தனியாக அடுத்த ஊருக்குக்கூட போனதில்லை. அன்று பெட்டியை இழுத்துக்கொண்டு தானே ரயிலேறிப் புதுக்கோட்டையில் இறங்கி, பஸ் பிடித்து ஆலங்குடி வந்து சேர்ந்தாள். எனக்குப் போன் செய்து, "சன்னல் சீட்டு கெடச்சுச்சு" என்றாள். அந்தக் குரலை நான் அதற்கு முன் கேட்டதில்லை.

அப்பா வார்டுக்குள் சும்மா இருக்கவில்லை. அங்கே ஜன்னல் வலையில் ஓர் ஓட்டை இருந்ததாம். ஆறு நாள் முடிந்து வெளியே வந்தபோது அதைத் தைக்கவைத்துவிட்டுத்தான் வந்தார். அவருக்கு ஒரு குறையும் இல்லை. விரல்கள் பழைய நிலைக்கு வந்துவிட்டன, ஞாயிறு தவறுவதில்லை.

இந்த வருடம் மறுபடி வருகிறேன் என்று அவர் சொல்லவில்லை. எழுபத்திரண்டு வயதில் இன்னொரு முறை எங்களையெல்லாம் வெப்பமானியோடு ஓடவைக்க வேண்டாம் என்று அவருக்கே தோன்றியிருக்க வேண்டும். "ஒனக்குத்தான் ஆயுசுக்கும் அட்டை இருக்குல்ல, நீ போயிட்டு வா" என்று அம்மாவை அனுப்பிவிட்டார். முந்தா நாள் அம்மா தனியாக வந்து இறங்கினாள்.

இன்று காலை அப்பா வீடியோவில் வந்தார்.

"வீட்டப் பூரா பாத்தியா?"

அம்மா வராந்தா நாற்காலியில் காலை நீட்டி உட்கார்ந்து வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தாள். "பாத்தாச்சு."

"பின்னாடி?"

"எல்லாம் பாத்தாச்சு. சுத்தமா இருக்கு. நீங்க சாப்பிட்டீங்களா?"

"தொட்டி மூடி?"

"மூடித்தான் இருக்கு. வச்சிருங்க, கரண்டு போவப் போவுது." கரண்ட் போகவில்லை. அவள் வந்ததிலிருந்து பின்பக்கம் போய்ப் பார்த்ததே இல்லை.

போனை வைத்துவிட்டு இன்னும் நாலு கடலை உரித்தாள். நான் பள்ளிக்குக் கிளம்பப் பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தபோது நாற்காலி காலியாக இருந்தது. பின்பக்கம் போய்ப் பார்த்தேன். அம்மா புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, பூந்தொட்டிகளின் அடித்தட்டுகளை ஒவ்வொன்றாகச் சாய்த்துத் தண்ணீரைக் கொட்டிக்கொண்டிருந்தாள்.